ஆன்டிபாடி டெஸ்ட் நெகட்டிவ்னு வந்தவங்க இருக்கீங்களா?

வெயில்காலம்:
கொரோனா நேரம். காய்ச்சல் ஆரம்பிச்ச மறுநாளே மச்சான் ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்க உடம்பு தயாரிக்கிற புரதம்) டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துட்டார். ஐஜிஎம், ஐஜிஜின்னு ரெண்டு வகை ஆன்டிபாடியும் நெகட்டிவ். ரிப்போர்ட்டை போன்ல காட்டிக்கிட்டே மாஸ்க்கைக் கழட்டி, நாலா மடிச்சு சட்டைப்பைக்குள்ள வச்சார் பாருங்க, அது இன்னும் கண்ணுலயே நிக்குது. நேரா போய் அத்தை கட்டில்ல உக்காந்துட்டார். அப்புறம் வைரஸையே தேடுற ஆர்டிபிசிஆர் டெஸ்ட் எடுத்தா பாசிட்டிவ். அத்தைக்கும்தான். லேப்காரங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

குறுந்தாடி:
எனக்கு நேர்மாறு. ஆர்டிபிசிஆர் பாசிட்டிவ், சோப்பை மூக்குல தேய்ச்சாலும் வாசனை தெரியல. பல மாசம் கழிச்சு ஆன்டிபாடி பார்த்தா நெகட்டிவ். "அப்போ லீவு போட்டது சும்மாவா?"ன்னு ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார். டாக்டர்தான் ரிப்போர்ட் அடியில பொடி எழுத்துல கிடந்த 'நியூக்ளியோகேப்சிட்'டை பேனாவால சுழிச்சுக் காட்டினார். அது வைரஸுக்கு உள்ள இருக்கிற ஒரு புரதமாம், அதுக்கான ஆன்டிபாடி சீக்கிரம் குறைஞ்சுடுமாம்.

லேப்வாசி:
வெயில்காலம், லேபை ஏன் இழுக்கறீங்க? கேட்ட டெஸ்ட்டைத்தான் செய்வோம். உடம்பு ஆன்டிபாடி தயாரிக்க பொதுவா 1 முதல் 3 வாரம் ஆகும். அதுக்கு முன்னாடி எடுத்தா, மூக்குல வைரஸ் கும்மாளம் போட்டாலும் நெகட்டிவ் வரலாம். இப்ப தொற்று இருக்கான்னு தெரிய ஆர்டிபிசிஆர், இல்லாட்டி வைரஸோட புரதத்தைத் தேடுற ஆன்டிஜென் டெஸ்ட். எல்லாரும் ரிப்போர்ட்ல எந்தப் புரதத்துக்கான ஆன்டிபாடின்னு பாருங்க. கோவிஷீல்ட், எம்ஆர்என்ஏ ஊசியெல்லாம் வைரஸ் மேல முள்ளு மாதிரி இருக்கிற ஸ்பைக் புரதத்தை மட்டும்தான் உடம்புக்குக் காட்டும். அதைப் போட்டுக்கிட்டு நியூக்ளியோகேப்சிட் டெஸ்ட் எடுத்தா, தொற்று வராதவங்களுக்கு நெகட்டிவ்தான். ஊசி வீணாப்போச்சுன்னு அர்த்தமில்ல. தொற்றை எதிர்க்கிற இன்னொரு படையான டி செல் (ஒரு வகை வெள்ளணு) கணக்கு இந்த ரிப்போர்ட்ல வரவே வராது. ஊசிக்கப்புறம் எதிர்ப்புசக்தியை எடைபோட இந்த டெஸ்ட் வேண்டாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 மே மாசமே சொல்லியாச்சு. காசு மிச்சம்.

ஆற்றங்கரை:
லேப்வாசி சார், பாடம் யாரும் கேக்கல :) பொத்தாம்பொதுவா "அர்த்தமில்ல"ன்னும் முடிச்சுடாதீங்க. அப்பாவுக்கு கிட்னி மாத்தி வச்சிருக்கு. ஊசி போட்டும் ஸ்பைக் ஆன்டிபாடியே நெகட்டிவ். எதிர்ப்புசக்தியை அடக்குற மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அப்படி ஆகலாம்னாங்க. அப்பா கண்ணாடியை ஏத்திவிட்டு ரிப்போர்ட்டைப் படிச்சார். "நெகட்டிவ்னா நல்லதுதானேப்பா?"ன்னு சிரிக்கிறார். டாக்டர் சொல்லி இன்னொரு டோஸ் போட்டாச்சு. இப்பவும் வீட்டுக்கு வர்றவங்களை மாஸ்க் போடச் சொல்றேன். அதுக்கு சொந்தக்காரங்களோட நடக்குற சண்டை தனி இழை ஆரம்பிக்கிற அளவுக்கு இருக்கு.