ரத்தக் கல்ச்சரில் லிஸ்டீரியா: உங்கள் லேபில் என்ன நடைமுறை?

கீமோ, ஸ்டீராய்டு எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், முதியவர்கள் ஆகியோரின் ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கிராம் பாசிட்டிவ் (கிராம் சாயத்தில் ஊதாவாகத் தெரியும்) குச்சிக் கிருமி தெரிந்தால், "தோலிலிருந்து கலந்தது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உணவு வழியாக வரும் லிஸ்டீரியா கிருமி நழுவுவது அங்கேதான். கேட்டலேஸ் நொதிச் சோதனை பாசிட்டிவா, பிளட் அகாரில் (ரத்தம் கலந்த வளர்ப்பு ஊடகம்) மெல்லிய பீட்டா ஹீமோலிசிஸ், அதாவது சிவப்பணு சிதைந்த தெளிவு, உண்டா (காலனியை நகர்த்திப் பார்த்தால்தான் தெரியும்), 25 டிகிரியில் கிருமி குட்டிக்கரணம் போடுவதுபோல் அசைகிறதா என்று பார்க்காமல் ரிப்போர்ட் போகக் கூடாது. அதற்குள் வார்டில் செஃப்ட்ரியாக்சோன் ஓடிக்கொண்டிருக்கும். அது செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்; லிஸ்டீரியாவுக்கு அந்த வகை எதுவும் கேட்காது, ஆம்பிசிலின்தான்.

கலப்படம் என்று எழுதுமுன் வார்டுக்கு போன் செய்யும் விதி உங்களிடம் உண்டா? பென்சிலின் அலர்ஜி உள்ளவருக்கு ஆம்பிசிலினுக்கு மாற்றாக கோட்ரைமாக்சசோல் போகும்போது (அது பொட்டாசியத்தை ஏற்றக்கூடும்) ரத்தப் பொட்டாசியம் எத்தனை நாளுக்கொரு முறை பார்க்கிறீர்கள்?

உணவு விவரப் படிவம் இருந்தாலும் பகிருங்கள். அறிகுறி தெரிய 70 நாள்வரைகூட ஆகலாம். "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்" என்பது போதாது.