கீமோவில் கரையும் சதைக்கு அமுக்கரா கொடுக்கலாமா?

காவிரிக்கரையான்:
அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ பாதி முடிந்திருக்கிறது. எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் தொடைச் சதை தொளதொளவென்று ஆகிவிட்டது. நாற்காலியின் இரண்டு கைகளையும் ஊன்றித்தான் எழுந்திருக்கிறார். அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணத்தைப் பாலில் கலந்து கொடு என்கிறார் சித்தப்பா. ஆஸ்பத்திரியில் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தை, காரணம் சொல்லவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூலிகைமணி:
தாராளமா கொடுங்க. ஆதாரமே இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2015ல வந்த இந்திய ஆய்வுல, எடைப் பயிற்சி செஞ்ச 57 ஆண்கள்ல ஒரு பாதிக்கு தினம் 600 மி.கி. அமுக்கரா வேர்ச் சத்து 8 வாரம் கொடுத்தாங்க. அவங்களுக்குத் தசை அளவும் பலமும் மத்தவங்களைவிட நல்லாவே கூடுச்சு. மலேசியாவுல மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 100 பெண்கள்கிட்ட பார்த்ததுல, அமுக்கரா சாப்பிட்டவங்களுக்கு அசதி குறைவு. ஜப்பான்ல ரிக்குன்ஷிதோன்னு 8 மூலிகை சேர்ந்த மருந்தை, கீமோவுல பசி போனவங்களுக்கு டாக்டர்களே எழுதிக் கொடுக்கிறாங்க. பசியைத் தூண்டுற கிரெலின் ஹார்மோனை அது கூட்டுது. நாம மட்டும் ஏன் பயப்படணும்?

செவிலி_பானு:
மணி அண்ணா, அந்த 57 பேரும் நோய் நொடி இல்லாத ஆண்கள். கீமோவுல சதை கரையறது வேற விஷயம். டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் மாதிரி கீமோ மருந்துகள் தசைக்குள்ள புரதம் உடையறதை முடுக்கி விடுது, செல்லுக்குச் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவையும் கெடுக்குது. வாந்திக்குப் போடற டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. தொடர்ந்து ஏறினா முதல்ல பலம் இழக்கறது இடுப்புச் சதையும் தொடைச் சதையும்தான். மலேசிய ஆய்வுல யாருக்கு மூலிகை, யாருக்கு இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். அளந்ததும் அசதியை, தசையை இல்ல.

மூலிகைமணி:
அசதி குறைஞ்சா எழுந்து நடப்பாங்க, நடந்தா சதை நிக்கும். அது சின்ன லாபமா? வேர் மேல காப்புரிமை கிடைக்காது, அதனால பெரிய ஆய்வுக்குக் காசு போட ஆள் இல்ல. ஆய்வு நடக்கலைங்கறதையே பலன் இல்லைன்னு தீர்ப்பு சொல்றது நியாயமில்லைம்மா.

செவிலி_பானு:
பலனே இல்லைன்னு நான் சொல்லலை. கீமோ ஓடும்போது வேண்டாம்ங்கறேன். சூரண டப்பாவைத் திருப்பிப் படிங்க: அமுக்கராவோட மிளகு, திப்பிலி, சுக்கு, ஏலம், கிராம்பு, சர்க்கரை எல்லாம் இருக்கும். மிளகு, திப்பிலியில இருக்கிற பைப்பரின், குடலும் ஈரலும் மருந்தை உடைக்கிற வேகத்தை மாத்தும். ரசத்துல போடற மிளகுக்கு யாரும் பயப்பட வேண்டாம். தினம் ரெண்டு வேளை மருந்தா உள்ள போறதுதான் கவலை. 2019ல நெதர்லாந்துல டமாக்சிஃபன்ங்கற மார்பகப் புற்றுநோய் மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு மஞ்சளோட குர்குமினைக் கொடுத்துப் பார்த்தாங்க. ரத்தத்துல மருந்தோட வீரியமான வடிவம் குறைஞ்சது, பைப்பரினும் சேர்ந்தப்போ இன்னும் குறைஞ்சது. அமுக்கராவால ஈரல் வீங்கினவங்களும் இருக்காங்க. ஈரல் டெஸ்ட் ஏறினா அடுத்த கீமோ தள்ளிப்போகும், இல்லேன்னா அளவைக் குறைப்பாங்க. அந்த நஷ்டத்தை எந்த வேர் ஈடு கட்டும்?

சித்தவாசல்:
நான் சித்த மருத்துவர். கீமோ நடக்கும்போது அமுக்கரா நானும் தருவதில்லை; முடிந்து, ரத்தப் பரிசோதனைகள் சீரான பிறகுதான். ஆனால் பானு, உங்கள் தரப்பில் "வேண்டாம்" என்று ஒற்றைச் சொல்லில் அனுப்பிவிடுகிறார்களே, அதில் எனக்குக் கோபம் உண்டு. அப்படி அனுப்பினால் வீட்டில் மறைத்துக் கொடுப்பார்கள். மணி, ரிக்குன்ஷிதோவில் அதிமதுரமும் இருக்கிறது. அது உடம்பிலுள்ள பொட்டாசியத்தை இறக்கும், பொட்டாசியம் இறங்கினால் தசையே சோர்ந்துபோகும். ஏற்கெனவே சிஸ்பிளாட்டின் உப்புச் சத்துகளை வெளியேற்றும்போது இதுவும் சேரக்கூடாது. ஜப்பானில் ரத்தம் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். இங்கே கடையில் கேட்டு வாங்கிப் போகிறோம்.

காவிரிக்கரையான்:
இப்போதைக்கு என்னதான் செய்வது?

செவிலி_பானு:
ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் வேணும். அம்மா 60 கிலோன்னா 60 முதல் 90 கிராம். காலையில கஞ்சி, மதியம் ரசம் சாதம், ராத்திரி ரெண்டு இட்லின்னு ஓட்டினா அதுல பாதிகூடத் தேறாது. ஒரு முட்டையில 6 கிராம்தான் இருக்கு. முழுசா வேகவெச்ச முட்டை, மீன், பருப்பு, சுண்டல், பனீர்னு வேளாவேளைக்குப் பிரிச்சுக் கொடுங்க. சிறுநீரகக் கோளாறு இருந்தா மட்டும் முதல்ல டாக்டரைக் கேளுங்க. எலும்புக்குப் பரவலைன்னு உறுதியானா, நாற்காலியில உட்கார்ந்து எழற பயிற்சி. ஆரம்பத்துல கையூன்றிச் செஞ்சா போதும், கொஞ்சம் கொஞ்சமா கையை விடலாம். ரத்த அணு இறங்கற நாட்கள்ல வேகவைக்காத பொடி எதுவும் வேண்டாம், கிருமி ஏறிடும்.

மூலிகைமணி:
முட்டையும் பயிற்சியும் சரி. ஆனா வாயில எதுவுமே வைக்க முடியலைங்கறவங்ககிட்ட 90 கிராம் கணக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்? பசி வந்தாத்தானே மீதியெல்லாம். சுக்குத் தண்ணிகூடக் கூடாதா?

சித்தவாசல்:
சமையலில் சேர்க்கும் அளவுக்கு இஞ்சி, சுக்கு கொடுக்கலாம், வாய்ப்புண் இல்லாவிட்டால். அதற்கு மேல் மருந்தளவில் வேண்டாம். கரையான், எந்தெந்த மருந்து ஏறுகிறது? சீட்டில் இருக்கும் பெயர்களை இங்கே எழுதுங்கள்.

காவிரிக்கரையான்:
டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு. கூடவே பானு சொன்ன டெக்ஸாமெத்தசோனும் இருக்கிறது. சூரணத்தைப் பிரிக்கவில்லை. அடுத்த முறை போகும்போது டப்பாவையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுகிறேன்.