தெரிந்த கதையை வேற்று ஊரில் வேறு மாதிரி கேட்டதுண்டா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கீழைக்காற்று:

வேலை விஷயமாக மூன்று மாதம் யோக்யகர்த்தாவில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி, நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் பக்கத்துக் கிராமத்தில் வயாங் நடக்கிறது என்று கூட்டிக்கொண்டு போனார். வயாங் என்றால் ஜாவாத் தீவின் பாவை நிழற்கூத்து. அன்றைக்குக் கடோத்கஜன் வதம்.

நமக்குக் கடோத்கஜன் யார்? பீமனின் பிள்ளை, மாயக்காரன், கல்யாண விருந்தை ஒரே வாயில் விழுங்குபவன். அருச்சுனனுக்கென்று கர்ணன் வைத்திருந்த சக்தியாயுதத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு சாகிறான். கண்ணன் மகிழ்கிறான், கதை அடுத்த ஆளுக்கு நகர்ந்துவிடுகிறது. ஜாவாவில் அவன் பெரிய வீரன். நரம்பெல்லாம் கம்பி, எலும்பெல்லாம் இரும்பு என்பார்கள். 1995-இல் இந்தோனேசியா தானே வடிவமைத்த என்-250 விமானம் முதன்முதலாகப் பறந்தபோது, அந்த விமானத்துக்கு அவன் பெயரைத்தான் வைத்தார்கள்.

அவர்கள் கதைப்படி, கர்ணனின் அந்த ஆயுதத்தின் உறை கடோத்கஜன் வயிற்றுக்குள் இருக்கிறது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை எந்தக் கத்தியாலும் அறுக்க முடியவில்லை. கடைசியில் அந்த உறையை வைத்து அறுத்தார்கள். அறுத்த வேகத்தில் உறை உள்ளே போய்விட்டது. போர்க்களத்தில் கர்ணன் எறிந்ததும் ஆயுதம் நேரே அவன் தொப்புளைத் தேடி வருகிறது. "தன் வீட்டுக்குத்தானே வருகிறது, எப்படித் தடுப்பது?" என்று வீட்டுக்காரர் என் காதில் சொன்னார்.

எனக்கு முன்வரிசையில் கறுப்புத் தொப்பி போட்ட ஒரு பெரியவர். மடியில் நாலைந்து வயதுப் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். பொம்மையின் வயிற்றில் ஆயுதம் இறங்கிய நேரத்தில் பெரியவரின் கை தானாகக் கீழே போய்ப் பேரனின் வயிற்றைப் பொத்தியது. கண் திரையை விட்டு நகரவில்லை. வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.

பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் கூத்து முடிந்தது. பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் நடந்துபோனார். பாரதத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். கடோத்கஜன் ஒரு வீட்டுப் பிள்ளை என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவரிடம் நாலு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேனே என்று இன்னும் இருக்கிறது.

நிலாமுற்றம்:

எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். அம்மாவைப் பாங்காக் கூட்டிப்போயிருந்தேன். மரகத புத்தர் கோயிலின் சுற்று மண்டபச் சுவர் முழுக்க ராமகியென், அதாவது தாய்லாந்து ராமாயணம், மொத்தம் 178 ஓவியங்கள். அம்மா ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டே வந்தார். இது வாலி, இது சேது என்று சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம்.

ஓரிடத்தில் அனுமன், மீன்வால் உள்ள ஒரு பெண்ணோடு. வழிகாட்டிப் பெண் சிரித்த முகமாகச் சொன்னாள்: அவள் ராவணனின் மகள் சுவன்னமச்சா. சேதுவுக்குப் போட்ட கல்லையெல்லாம் கடலுக்குள் இருந்து எடுத்துப் போட்டவள். அவளைப் பிடிக்கப் போன அனுமன் அவளை விரும்பிவிட்டார், மச்சானு என்று ஒரு பிள்ளையும் உண்டு.

அம்மா வருஷக்கணக்காகச் சனிக்கிழமை விரதம் இருப்பவர். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டார். மீதி மண்டபம் முழுக்கத் தரையைப் பார்த்தே நடந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது தப்பு, அவர் பிரம்மசாரி" என்று அந்தப் பெண்ணிடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவள் கைகூப்பினாள். அதற்கப்புறம் எந்தப் படத்துக்கும் கதை சொல்லவில்லை. ஆண்டுகளை மட்டும் சொன்னாள். அந்த முகம்தான் உறுத்துகிறது. ஆனாலும் ஒன்று சொல்வேன். மூலத்தில் இல்லாததைச் சேர்த்துக்கொண்டு அதையும் ராமாயணம் என்றால் என் மனம் ஒப்பவில்லை.

வைகைக்கரை:

நிலாமுற்றம், எந்த மூலம் என்று முதலில் சொல்லுங்கள்.

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் காசிப் பக்கத்துப் பையன். ஒரு ராத்திரி, ராவணன் சீதையை எப்படிக் கொண்டுபோனான் என்று பேச்சு வந்தது. பர்ணசாலையோடு, அது நின்ற நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போனான், விரல்கூடப் படவில்லை என்றேன். அவன் இல்லை என்றான். ஒரு கையால் கூந்தலைப் பிடித்துத் தூக்கினான் என்று, கையை அப்படியே முறுக்கியும் காட்டினான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "சீதையை அப்படிப் பேசாதே" என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டேன். இரண்டு நாள் பேச்சில்லை.

பிற்பாடு வால்மீகியை மொழிபெயர்ப்பில் படித்தேன். ஆரணிய காண்டத்தில் இருக்கிறது: இடக்கையால் கூந்தல், வலக்கையால் தொடை. அவன் சொன்னதுதான் வால்மீகி. மாற்றியது நம் கம்பர். விருப்பமில்லாத பெண்ணைத் தொட்டால் ராவணன் அழிவான் என்ற சாபத்தைக் காரணம் காட்டி, நிலத்தோடு தூக்க வைத்தார். அவன் கை சீதைமேல் படுவதை இங்கே கேட்கிறவர்களால் தாங்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாம் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் கேட்டு வளர்ந்தோம். அதற்காக நான் கம்பரை நம்பாமல் போய்விடவில்லை. அதே உரிமையைத் தாய்லாந்துக்காரருக்குக் கொடுக்க மாட்டேன் என்பது என்ன நியாயம்?

இன்னொன்று. அனுமனுக்குப் பிள்ளை இருப்பது நமக்குப் புதிதே அல்ல. மயில் இராவணன் கதையில் வரும் மச்சவல்லபன் யார்? அனுமனின் வியர்வை கடலில் விழுந்து, அதை ஒரு மீன் விழுங்கிப் பிறந்தவன். பாதாளக் கோட்டைக்குக் காவல் நிற்பவன். அவர்களுடைய மச்சானுவும் பாதாளத்தில்தான் காவல் நிற்கிறான், மையராப் என்பவனின் கோட்டையில். மையராப், மயில் இராவணன். இரண்டு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அந்தப் பையனிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இப்போது எங்கே இருக்கிறான் என்றும் தெரியாது.

ஒற்றைப்பனை:

கம்பர் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். பாலக்காடு பக்கம் ஒரு பகவதி கோயிலில் தோல்பாவைக்கூத்து, ராத்திரி ஒரு மணி. கூத்துமாடத்தில் வெள்ளைத் துணி, அதற்குப் பின்னால் வரிசையாக 21 விளக்கு. திரையில் தோல்பாவைகளின் நிழல். உள்ளே பாடுவது கம்பன் பாட்டு. மலையாள வாடை அடிக்கும் தமிழில் பாடி, அப்புறம் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் சொல்கிறார்கள். வெளியே மைதானத்தில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. கும்பகர்ணன் விழுந்த இடத்தில் தாங்காமல் கைதட்டிவிட்டேன். திரை ஓரத்தை விலக்கி ஒரு முதியவர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் விட்ட வரியிலிருந்து பாடினார். பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போனதாம். கூத்து அவளுக்காக நடப்பது. இது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். ஜனவரியிலிருந்து மே வரை போங்கள். பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில் பகவதி கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும். கோயிலுக்குக் கோயில் தேதி வேறு, 7 ராத்திரி நடக்கும் இடமும் உண்டு, 21 நடக்கும் இடமும் உண்டு, ஆகவே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ராத்திரிதான் முடியும் என்றால் யுத்த காண்டம் வரும் நாளாகப் பாருங்கள். போவதற்கு முன் அந்தப் படலத்தை வீட்டில் ஒருமுறை படித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாட்டு காதைத் தாண்டிப் போய்விடும். விரித்து உட்கார ஏதாவது எடுத்துப் போங்கள். போன் வெளிச்சம் திரையில் படவே கூடாது. மாடத்துக்குள் போகவேண்டுமென்றால் கேட்டுவிட்டுப் போங்கள். ஆனால் கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் உள்ளே இருந்து பார்ப்பது வேறு அனுபவம். தேங்காய் மூடியில் எரியும் திரி மங்கும்போது, பாட்டு நிற்காமலே ஒரு கை வந்து எண்ணெய் ஊற்றிவிட்டுப் போகும். பாதியில் எழுந்து வராதீர்கள். பெரியவர்களைக் கூட்டிப்போனால் பகலில் தூங்க வையுங்கள். அப்புறம், தயவுசெய்து கைதட்டாதீர்கள்.

மலைநாட்டவள்:

வைகைக்கரை, உங்கள் நியாயம் சரி, கேட்ட விதம் கடுமை. ஒரு தாய் சங்கடப்பட்டதைத்தான் அவர் எழுதினார்.

நான் இலங்கையில் நுவரெலியா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அருச்சுனன் தபசு ஆடுவார்கள். ராமாயணம் கோயிலில் கேட்டதுதான். என்னோடு வேலை செய்த சிங்கள அக்கா ஒருத்தி, என்னை நங்கி, அதாவது தங்கை, என்றுதான் கூப்பிடுவாள். 2019-இல் இலங்கையின் முதல் செயற்கைக்கோளுக்கு இராவணா-1 என்று பெயர் வைத்தபோது அவளுக்கு அவ்வளவு பெருமை. எங்கள் ராஜாவின் பெயர் வானத்துக்குப் போய்விட்டது என்றாள்.

அந்த வருஷமே இருவரும், சீதையைச் சிறை வைத்த இடம் என்று சொல்லும் சீதா எலிய கோயிலில் இறங்கினோம். அவளும் உள்ளே வந்தாள், பூ வைத்தாள். "பாவம் அந்தப் பிள்ளை, இந்தக் குளிரில் தனியாக இருந்திருக்கிறாள்" என்று கண் கலங்கினாள். வெளியே வந்ததும் குனிந்து, அங்கே இருக்கும் கறுப்பு மண்ணைக் கிள்ளி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "இதை எரித்தது உங்கள் அனுமன். எரிந்தது எங்கள் ராஜாவின் ஊர், நங்கி."

மண் ஈரமாக இருந்தது. எனக்கு ஒரு பதிலும் வரவில்லை. அதைக் கீழே போடவும் மனம் வராமல், பஸ் வரும்வரை கையை மூடிக்கொண்டே நின்றேன்.

நிலாமுற்றம்:

வைகைக்கரை எழுதியதை நேற்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மச்சவல்லபனைத் தெரியுமாம். "அது வியர்வைடி, இது வேற" என்று உடனே சொல்லிவிட்டார்.

சாப்பிட்டு முடித்து வெகுநேரம் கழித்து, அந்தப் பிள்ளைக்கு அப்பா யாரென்று கடைசியில் தெரிந்ததா என்று கேட்டார். தேடிப் படித்துச் சொன்னேன். இருவரும் அடையாளம் தெரியாமல் சண்டை போடுகிறார்கள். அப்புறம் அனுமன் வாயைத் திறந்து கொட்டாவி விட, உள்ளிருந்து நிலாவும் நட்சத்திரங்களும் வருகின்றன. தன் தாய் சொன்ன அடையாளம் அதுதான் என்று பிள்ளை காலில் விழுகிறான்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு நான் எடுத்த போட்டோவைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இதை இன்னும் பெரிசாக்கு என்றார்.