மொன்றியலில் தனியார் முதியோர் குடியிருப்பில் வாழ்பவருக்கு அரச வீட்டுப் பராமரிப்பு கிடைக்குமா?

பரந்தன் வாசி:
வணக்கம். கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். என் பெரியம்மாவுக்கு வயது 81. மொன்றியலில் முதியோருக்கான தனியார் குடியிருப்பொன்றில் தனியாக வாழ்கிறார். ஒரே மகன் வேலை காரணமாகக் கல்கரிக்குச் சென்றுவிட்டதால், நாள்தோறும் அவருடன் தொலைபேசியில் பேசுபவர்கள் விசுவமடுவில் உள்ள என் அம்மாவும் நானும்தான்.

இடுப்பு வலி கூடியதிலிருந்து பெரியம்மா தனியே குளிக்கப் பயப்படுகிறார். வாரத்துக்கு இரண்டு தடவை குளிக்க வார்ப்பதற்கு உதவியாளர் வேண்டுமானால், வாடகைக்கு மேலாகத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும் என்று நிருவாகம் சொல்கிறது. அதே மாடியில் வசிக்கும் தமிழ் அம்மா ஒருவரோ, சீ.எல்.எஸ்.சி. (CLSC) என்ற உள்ளூர் அரச சமூக சுகாதார நிலையத்திலிருந்து ஆள் வந்து இலவசமாகச் செய்வார்கள் என்கிறார். நிருவாகத்திடம் கேட்டதற்கு, அது சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று பதில் வந்தது. எது சரி? இவ்வளவு தொலைவிலிருந்து நாங்கள் செய்யக்கூடியது ஏதும் உண்டா?

மாங்குளம் மீண்டவர்:
மொன்றியலில் முதியோர் பராமரிப்பு வேலையில் இருந்து, ஓய்வுபெற்று ஊர் திரும்பியவன் என்ற வகையில் எழுதுகிறேன். நிருவாகம் சொன்னது தவறு. மொன்றியல் அமைந்துள்ள கியூபெக் மாகாணத்தில் தனியார் முதியோர் குடியிருப்பு என்பது, உணவு, வீட்டுவேலை, ஆள் உதவி, தாதிப் பராமரிப்பு, பாதுகாப்பு, பொழுதுபோக்கு ஆகியவற்றுள் குறைந்தது இரண்டு வகைச் சேவைகளையாவது வழங்கும், அரசின் சான்றிதழ் பெற்ற வாடகைக் கட்டடம். அங்கு வாழ்பவர் தம் சொந்த இருப்பிடத்தில் வாழ்பவராகவே கருதப்படுகிறார். ஆகவே சீ.எல்.எஸ்.சி.யின் வீட்டுப் பராமரிப்பைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

ஆனால் உரிமை இருப்பதால் மட்டும் அடுத்த வாரமே ஆள் வந்து நிற்பார் என்று நம்ப வேண்டாம். பெரியம்மா 811 என்ற சுகாதார உதவித் தொலைபேசி இலக்கத்தை அழைத்தோ, தம் பகுதிக்குரிய சீ.எல்.எஸ்.சி.யுடன் நேரடியாகப் பேசியோ விண்ணப்பித்தால், அங்கிருந்து ஒருவர் வந்து, நடப்பது, குளிப்பது, உடுப்பது, மருந்து எடுப்பது, நினைவாற்றல் என ஒவ்வொன்றையும் கேட்டு மதிப்பீடு செய்வார். அதன் பிறகே எந்த உதவி, வாரத்துக்கு எத்தனை தடவை என்ற திட்டம் எழுதப்படும். காத்திருப்பு, தேவையின் அவசரத்தைப் பொறுத்தது. நம்மவர்கள் அந்த மதிப்பீட்டின்போது, வந்தவருக்கு முன் குறை சொல்வது அழகல்ல என்று "எனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் நானே செய்வேன்" என்பார்கள். அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். குளிக்கப் பயமாக இருக்கிறது, விழுந்துவிடுவேன் என்று அஞ்சுகிறேன் என்று பெரியம்மா தம் வாயால் சொல்ல வேண்டும். மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று விண்ணப்பிக்கும்போதே கேட்கட்டும்.

அதற்கு முன்னர் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். அதனுடன் "இணைப்பு 6" என்ற படிவம் இருக்கும். வாடகைக்குள் அடங்கும் சேவைகள் எவை, ஒவ்வொன்றின் விலை என்ன என்பவற்றை அதில் எழுதியிருக்க வேண்டும். குளிக்க உதவுவது ஏற்கெனவே அதில் இருந்தால் நிருவாகம் இரண்டாவது தடவை பணம் கேட்க முடியாது. இல்லையென்றால், சீ.எல்.எஸ்.சி. மதிப்பீடு முடியும் வரை புதிதாக எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

காத்திருக்கும் காலத்தில் பணம் கொடுத்தே உதவி பெற நேர்ந்தாலும், முழுத் தொகையும் கையை விட்டுப் போவதில்லை. 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுப் பராமரிப்புச் செலவுக்காகக் கியூபெக் வரித்துறை மீளளிக்கும் வரிச்சலுகை ஒன்று உண்டு. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கும் அது பணமாகக் கிடைக்கும். 2021 வரை தகுதியான செலவில் 35 சதவீதமாக இருந்த அது, ஆண்டுக்கு ஒரு புள்ளி வீதம் உயர்ந்து 2025 இல் 39 ஆகவும் 2026 இல் 40 ஆகவும் வகுக்கப்பட்டது. வாடகையின் ஒரு பகுதியும் இதற்குள் கணக்கிடப்படும். ஆண்டு முடியும்வரை காத்திராமல் முற்பணமாகவும் கேட்கலாம். மகன் இதைப் பார்த்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். பார்க்காமல் விட்டவர்கள் பலர்.

நெடுங்கேணி ஆசிரியர்:
தம்பி, இவ்வளவு படிவங்களுக்கிடையில் ஒரு வயோதிபப் பெண் ஏன் அல்லற்பட வேண்டும்? விசுவமடுவில் தங்கை இருக்கிறார், முற்றம் இருக்கிறது. அழைத்து வந்து, மாதச் சம்பளத்துக்கு ஒரு பெண்ணை உதவிக்கு வைத்தால் அங்கு கேட்கும் கட்டணத்தில் சிறு பங்கும் ஆகாதே.

மாங்குளம் மீண்டவர்:
ஐயா சொல்வது எங்கள் எல்லோருக்கும் முதலில் தோன்றுவதுதான். ஆயினும், ஓராண்டில் 183 நாட்கள் அல்லது அதற்கு மேல் கியூபெக்குக்கு வெளியே இருந்தால் அவருடைய அரச மருத்துவக் காப்புறுதி தடைப்படும். வயது வந்தபின் 20 ஆண்டுகளாவது கனடாவில் வாழ்ந்திருந்தால் முதியோர் ஓய்வூதியம் இங்கும் தொடரும். ஆனால் குறைந்த வருமானத்துக்கான மேலதிகக் கொடுப்பனவு ஆறு மாதங்களுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் நிற்கும். பெரியம்மா வர விரும்புகிறாரா என்பதை இந்தத் திரியில் எவரும் இன்னும் கேட்கவில்லை.

வவுனியாத் தாதி:
இங்குள்ள நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையில் கிளினிக் உண்டு, மருந்து இலவசம், அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் வரும். வாரந்தோறும் வீட்டுக்கு வந்து குளிக்க வார்த்துவிடும் அரச உதவியாளர் இல்லை. உதவிக்கு வைக்கும் பெண்ணும் பெரும்பாலும் பயிற்சி இல்லாதவர். இடுப்பு வலி உள்ளவரைத் தூக்கி இருத்துவது பயிற்சி வேண்டிய வேலை. மொன்றியலில் மதிப்பீட்டுக்கு வருபவரிடம் குளியலறையைப் பார்க்க, அன்றாட வேலைகளைப் பாதுகாப்பாகச் செய்ய வழிகாட்டும் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரை அனுப்பும்படி கேட்கலாம். கைபிடியும் குளியல் நாற்காலியும் சரியாக அமைந்தால் வாரத்துக்கு ஒரு தடவை உதவியே போதுமானதாகக்கூட இருக்கலாம்.

பரந்தன் வாசி:
அனைவருக்கும் நன்றி. ஊருக்கு வருவதைப் பற்றிப் பெரியம்மாவிடம் முன்பே கேட்டிருக்கிறோம். தம் தேவாலயத்தையும் தோழிகளையும் விட்டு வர அவர் உடன்படவில்லை. "இணைப்பு 6" ஐப் படம் எடுத்து அனுப்பும்படி பெரியம்மாவின் மகனான அண்ணாவிடம் கேட்டிருக்கிறேன். நாங்களே இங்கிருந்து 811 ஐ அழைக்கலாமா?

மாங்குளம் மீண்டவர்:
முடியாது, அது கியூபெக்குக்குள் மட்டும் இயங்கும் இலக்கம். சீ.எல்.எஸ்.சி.யின் முழு இலக்கத்தை அழையுங்கள். கோடையில் அங்கு காலை எட்டரை மணி என்றால் நமக்கு மாலை ஆறு. பெரியம்மாவின் சம்மதம் இல்லாமல் உங்களிடம் எந்த விவரமும் சொல்லமாட்டார்கள் என்பதால், உங்கள் பெயரையும் அண்ணாவின் பெயரையும் தொடர்பாளர்களாகப் பதியும்படி முதல் அழைப்பிலேயே அவர் சொல்லட்டும். நிருவாகம் மீண்டும் தடுத்தால், அப்பகுதிச் சுகாதார நிறுவனத்தின் முறைப்பாட்டு ஆணையாளரிடம் பெரியம்மாவே முறையிடலாம். குடியிருப்புகளில் வாழ்பவர்களின் முறைப்பாடுகளையும் அவர் ஏற்பார்.