1969 கமாரோ: லிங்கேஜை வண்டியின் ஆண்டு பார்த்து வாங்குவதா, கியர்பாக்ஸைப் பார்த்து வாங்குவதா?

நான்காம்கியர்:
என்னிடம் இருப்பது 1969 கமாரோ (செவர்லே கார்). GM-இன் மன்சி ஆலையில் செய்த நான்கு வேக மன்சி கியர்பாக்ஸ், ஹர்ஸ்ட் நிறுவனத்தின் ஷிஃப்டர் (கியர் மாற்றும் கைப்பிடி அமைப்பு). ஷிஃப்டரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் ராடுகளின் புஷ்கள் (முனையில் உள்ள சிறு வளையங்கள்) தேய்ந்துவிட்டன. இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகும்போது நடுவில் சிக்கிக்கொள்கிறது. வண்டியின் ஆண்டைச் சொல்லி லீவர், ராடு, புஷ், கிளிப் எல்லாம் அடங்கிய லிங்கேஜ் தொகுப்பை வரவழைத்தேன். வந்த லீவர்கள் போல்ட் போட்டு இறுக்கும் வகை. என் கியர்பாக்ஸிலோ மரை வெட்டிய ஸ்டட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நட் போட்டுத்தான் இறுக்க முடியும். விற்றவர், “1969-க்கு இதுதான் சரியான பாகம்” என்று அடித்துச் சொல்கிறார். யாரை நம்புவது?

முறுக்குவிசை:
விற்றவர் சொல்வதில் தவறில்லை. மன்சியில் 1963 முதல் 1968 வரை ஸ்டட், 1969 முதல் போல்ட். உங்கள் வண்டியில் யாரோ பழைய கியர்பாக்ஸை ஏற்றியிருக்கிறார்கள். தொகுப்பைத் திருப்பி அனுப்பாதீர்கள். 1969-க்குரிய சைடு கவரை (லீவர்களின் ஷாஃப்ட்கள் வெளியே வரும் பக்க மூடியை) தேடிப் பொருத்துங்கள். தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படி ஆக்குவதுதான் மறுசீரமைப்பு. முந்தைய உரிமையாளரின் அவசரத்துக்கு ஏற்ப நீங்கள் பாகம் வாங்கிக்கொண்டே போனால் அதற்கு முடிவே கிடையாது.

பட்டறைப்பித்தன்:
சிக்கலுக்குக் காரணம் தேய்ந்த புஷ். அதற்குப் போய்க் கியர்பாக்ஸின் பக்கத்தைப் பிரிக்கச் சொல்கிறீர்களே! கியர்பாக்ஸ் எந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறது என்பது லீவருக்குத் தெரியாது, ஐயா. அது அமர்வது ஷாஃப்டின் முனையில். அந்த முனை எப்படி இருக்கிறதோ அப்படிப்பட்ட லீவர்தான் வேண்டும். ஸ்டட் வகை லீவர்கள் தனியாகவே கிடைக்கின்றன.

நண்பர் நான்காம்கியர், முதலில் கேஸின் (கியர்பாக்ஸின் வெளிக்கூட்டின்) மீதுள்ள வார்ப்பு எண்ணையும் பொறித்த எண்ணையும் துடைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். ரிவர்ஸ் லீவர் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். சைடு கவரில் மூன்று லீவர்கள் இருந்தால் அது மன்சியே அல்ல, GM-இன் இன்னொரு கியர்பாக்ஸான சாகினா. மன்சியில் கவரின் மீது இரண்டுதான். ரிவர்ஸ் மட்டும் பின்னால் டெயில் ஹவுசிங்கில் (கியர்பாக்ஸின் பின்பகுதிக் கூட்டில்) தனியாக இருக்கும்.

நான்காம்கியர்:
வார்ப்பு எண் 3925660. பொறித்திருப்பது P8 என்று தொடங்குகிறது, அடுத்து A. கவரில் இரண்டு லீவர்கள், ரிவர்ஸ் பின்னால். இது M20 ஆ M21 ஆ என்பதும் தெரிய வேண்டுமா?

பட்டறைப்பித்தன்:
வேண்டியதில்லை. அது பற்சக்கர விகிதம் பற்றிய கணக்கு. லிங்கேஜுக்கும் அதற்கும் தொடர்பில்லை. P என்றால் மன்சி ஆலை, 8 என்றால் 1968, A என்றால் ஜனவரி. ஆக, கேஸ் 1968-ஐச் சேர்ந்தது.

முறுக்குவிசை:
நான் சொன்னதும் அதுதானே? வண்டிக்குப் பிறந்த கியர்பாக்ஸ் அல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள்: 3925660 என்ற வார்ப்பு 1968-இலும் உண்டு, 1969-இலும் உண்டு. வார்ப்பு எண்ணை மட்டும் வைத்து ஸ்டட்டா போல்ட்டா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் பாகப் புத்தகம் வண்டியின் ஆண்டிலிருந்து தொடங்குகிறது.

பட்டறைப்பித்தன்:
பாகப் புத்தகம் ஆலையை விட்டு வெளியே வந்த அன்றைய வண்டிக்காக எழுதப்பட்டது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. சைடு கவர் கழற்றி மாட்டக்கூடிய பாகம், டெயில் ஹவுசிங்கும் அப்படியே. கேஸ் ஓர் ஆண்டு, கவர் வேறோர் ஆண்டு என்று எத்தனையோ கியர்பாக்ஸ்கள் திரிகின்றன. மூன்று ஷாஃப்ட்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கவரில் ஸ்டட் இருப்பதால் ரிவர்ஸும் ஸ்டட்டாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

நேர்ப்பாதை:
இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் ஹர்ஸ்டின் புதிய காம்படிஷன் பிளஸ் ஷிஃப்டரை அதன் பொருத்துதல் தொகுப்போடு வாங்குங்கள். எல்லாம் புதிது, ஆட்டம் இருக்காது. ஒரு நாளில் வேலை முடிந்துவிடும்.

முறுக்குவிசை:
1969 வண்டியில் இதைச் செய்யச் சொல்பவருக்கு ஒரு கேள்வி. அந்த ஆண்டுதான் ஸ்டீயரிங் பூட்டு வந்தது. ரிவர்ஸில் போட்டால்தான் சாவியை எடுக்க முடியும். அதற்காக ரிவர்ஸ் இணைப்பிலிருந்து ஸ்டீயரிங் தண்டுக்கு ஒரு ராடு போகிறது. உங்கள் புதிய தொகுப்பில் அதற்கு எங்கே இடம்?

நேர்ப்பாதை:
அந்த ராடை எடுத்துவிட்டு ஓட்டுபவர்கள் எத்தனையோ பேர்.

முறுக்குவிசை:
ஓட்டுகிறார்கள். அப்புறம் சாவி ஏன் வரவில்லை என்று இங்கேதான் வந்து கேட்கிறார்கள்.

பட்டறைப்பித்தன்:
இதில் மட்டும் முறுக்குவிசையின் பக்கம் நிற்கிறேன். நேர்ப்பாதையின் வழியிலும் தப்பிக்க முடியாது: அந்தத் தொகுப்பை வாங்கும்போதும் எந்தக் கியர்பாக்ஸ், எந்த வண்டி என்று இரண்டையும் கேட்பார்கள். லீவரும் பொருத்தும் தகடும் கியர்பாக்ஸைப் பொறுத்தவை. ராடின் வளைவோ ஷிஃப்டர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. கமாரோவின் ராடு இன்னொரு செவர்லே காரான ஷெவெலுக்கு ஒத்துவராது. மாட்டினாலும் எங்காவது உரசும். ஆகவே லீவருக்குக் கியர்பாக்ஸ், ராடுக்கு வண்டியும் ஷிஃப்டரும். இங்கே எல்லாவற்றையும் ஒரே பெயரில் “1969 தொகுப்பு” என்று அழைப்பதால்தான் இந்தக் குழப்பம்.

நான்காம்கியர்:
கீழே படுத்து விளக்கடித்துப் பார்த்தேன். கவரில் இருப்பவை இரண்டும் ஸ்டட். ரிவர்ஸில் போல்ட்! டெயில் ஹவுசிங் மற்றவற்றைவிடப் பளிச்சென்று வேறு நிறத்தில் இருக்கிறது.

முறுக்குவிசை:
அப்படியானால் இது இரண்டு கியர்பாக்ஸ்களின் கலப்பு. கவரை மாற்றிவிட்டால் மூன்றும் 1969 முறைக்கு வந்துவிடும். கையில் இருக்கும் தொகுப்பும் வீணாகாது. என் யோசனை இப்போதுதான் மலிவாகவும் ஆகிறது.

பட்டறைப்பித்தன்:
இரண்டு லீவர்களை மாற்றுவதைவிடவா? கவரைக் கழற்றினால் எண்ணெய் வடிக்க வேண்டும், கேஸ்கெட் மாற்ற வேண்டும், உள்ளே கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க்குகளைத் திரும்பச் சரியாக உட்கார வைக்க வேண்டும். உள்ளே பழுது இருந்தால் செய்யுங்கள், மறுக்கவில்லை. இல்லாவிட்டால் 1-2, 3-4 இரண்டுக்கும் ஸ்டட் வகை லீவர் வாங்குங்கள்; தொகுப்பில் வந்த ரிவர்ஸ் லீவரும் ராடுகளும் அப்படியே பயன்படும்.

மாட்டிய பிறகு நியூட்ரலில் வைத்து, ஷிஃப்டரின் துளை வழியாகக் கால் அங்குலக் கம்பியைச் செருகுங்கள். அது மூன்று தகடுகளையும் ஊடுருவி மறுபக்கம் வர வேண்டும். கம்பி உள்ளே இருக்கும்போதே ஒவ்வொரு ராடின் நீளத்தையும் மரையில் திருகிச் சரிசெய்யுங்கள். ராடின் முனை லீவரின் துளைக்குள் தானாக விழ வேண்டும். தள்ளியோ இழுத்தோ மாட்டினால் அந்த இழுப்பு கியர் மாற்றும்போதெல்லாம் கையில் தெரியும். எவ்வளவு திருகினாலும் நீளம் போதவில்லை என்றால் லீவர் தலைகீழாக இருக்கிறது, அல்லது இரண்டும் இடம் மாறியிருக்கின்றன.

நேர்ப்பாதை:
புஷ் நைலானா, எஃகா? அதையாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

பட்டறைப்பித்தன்:
எஃகு நீண்ட நாள் உழைக்கும், ஆனால் சத்தத்தையும் அதிர்வையும் கைக்குக் கடத்தும். நான் நைலான்தான் போடுவேன். முறுக்குவிசை என்ன சொல்வார் என்று தெரியும்: ஆலையில் எதைப் போட்டார்களோ அதை.

முறுக்குவிசை:
ஆமாம், அதைத்தான்.

நான்காம்கியர்:
ஸ்டட் லீவர்கள் இரண்டுக்கும் சொல்லிவிட்டேன். சைடு கவரையும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். கிடைத்தால் எண்ணெய் மாற்றும் காலத்தில் பார்த்துக்கொள்கிறேன். சாவிக்கான அந்த ராடு என் வண்டியில் காணவே காணோம். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.