ஸ்க்ரப்ஸ் (அமெரிக்க ஆஸ்பத்திரி நகைச்சுவைத் தொடர்) இரண்டாம் சீசன், முதல் எபிசோட்

சாட்ஸ்வர்த் நர்ஸ் (டர்பன்): நைட் டியூட்டி முடிந்து வந்து இதைப் பார்த்தேன். பாடகர் காலின் ஹே கிதாரோடு ஆஸ்பத்திரி முழுக்கப் பாடிக்கொண்டே நடக்கிறார். சிரிக்க உட்கார்ந்தவளுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சீசன் ஆரம்பமே ஏன் இவ்வளவு கனம்?

பீனிக்ஸ் அண்ணன்: போன சீசன் கடைசியில் டாக்டர் காக்ஸின் முன்னாள் மனைவி ஜோர்டன் எல்லார் ரகசியத்தையும் போட்டு உடைத்தாளே, தங்கச்சி! அதன் மிச்சம்தான். டாக்டர் காக்ஸுக்கு இளம் டாக்டர் ஜே.டி. மேல் கடுங்கோபம். இந்த எபிசோட் 2002 செப்டம்பரில் வந்தது.

மாரிட்ஸ்பர்க் அக்கா: லாஸ் ஏஞ்சலஸில் மூடிக்கிடந்த நிஜ ஆஸ்பத்திரியில் எடுத்தது. பின்னணிச் சிரிப்பொலியும் கிடையாது. அதனால்தான் வார்டு நிஜ வார்டாகவே தெரிகிறது. மற்ற தொடர்களில் நர்ஸ் சும்மா ட்ரே தூக்குவாள். இங்கே கார்லா புது டாக்டரையே திருத்துகிறாள்!

சாட்ஸ்வர்த் நர்ஸ்: ஆமாக்கா, கார்லாவுக்காகவே மீதியையும் பார்க்கிறேன்.