கண்ணைக் கட்டிப் படிக்கிற வகுப்பு: உங்க அனுபவம்?

ஈரோட்டு அப்பா
மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன்தான், வேறென்ன. நடுமூளையைத் தூண்டிவிட்டா கண்ணைக் கட்டிக்கிட்டே படிக்கலாம்னு சொல்ற வகுப்பு. ரெண்டு நாள், 18,000 ரூபாய். பொண்ணுக்கு அப்ப ஒம்பது வயசு. மேடையில கண்ணைக் கட்டிக்கிட்டு ரூபாய் நோட்டு நம்பரைப் படிச்சா. மண்டபமே கைதட்டுச்சு, நானும்தான். அப்புறம் ஒருநாள் வீட்ல பேப்பரை மடியில வைக்காம அவ நெத்திக்கு நேரா பிடிச்சேன். திணறிட்டா. "கீழ பிடிங்கப்பா"ன்னா. மூக்கோர இடுக்குல கோதுமை மாவைப் பிசைஞ்சு அடைச்சேன். ஒரு எழுத்து வரலை. கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா, "இடுக்குல தெரியறதை வீட்ல சொல்லக்கூடாதுன்னாங்கப்பா". இதை மோசடின்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?

ராஜி
எனக்கு 99 ரூபாய் வெபினார், பணத்தை ஈர்க்கிற மனசாம். ராத்திரி பதினோரு மணிக்கு, 24,999 ரூபாய் கோர்ஸ் பத்து நிமிஷத்துக்கு மட்டும் 9,999ன்னு கடிகாரம் ஓடுது. கார்டு எடுக்கப் போன நேரத்துல நெட் கட். திரும்பத் திறந்தா மறுபடி பத்துலருந்து ஓடுது. அதைப் பாத்துட்டும் கட்டினேன். அதான் உறுத்துது.

குமாஸ்தா
ராஜி மேடம், 'பணத்தை ஈர்க்கிற மனசு'ங்கறது வெறும் அளப்பு, கேஸ் நிக்காது. ஆனா அந்தக் கடிகாரம் வேற கதை. ஆன்லைன்ல ஏமாத்தி வாங்க வைக்கிற தந்திரங்களைத் தடுக்கற 2023 மத்திய அரசு நெறிமுறையில போலி அவசரம்னு தனியாவே போட்டிருக்கு. (நானும் காலேஜ்ல உயரம் கூட்டற பவுடர் மூணு டப்பா குடிச்சவன். இன்னும் அஞ்சடி நாலுதான்.) ஈரோட்டு சார், போலீஸ் கேஸ்னா, முன்ன ஐ.பி.சி. 420, இப்ப அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ். சட்டத்துல 318வது பிரிவு. ஆரம்பத்துலயே ஏமாத்தற எண்ணம் இருந்துச்சுன்னு காட்டணும், அதுதான் பாடு. 2019 நுகர்வோர் சட்டத்துல அந்தத் தொல்லை இல்ல. பொய் விளம்பரம்னாலே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் வரை அபராதம் போடலாம். பணம் திரும்ப வேணும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமே கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். ரசீது, நோட்டீஸ், வாட்ஸப் எதையும் அழிக்காதீங்க. முதல்ல நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்க. பொண்ணுகிட்ட இப்பவே எல்லாத்தையும் எழுதி வாங்கி வைங்க.

செல்வம்
குழந்தைகிட்ட வாக்குமூலமா? நல்லா இருக்கு சார். அப்புறம், மண்டபத்துல கைதட்டினவங்களையும் சேர்த்து கேஸ்ல போடலாமா?

ஈரோட்டு அப்பா
செல்வம், கைதட்டினேன்தான், இல்லன்னு சொல்லலையே. குமாஸ்தா சார், நான் பணத்துக்காக எழுதலை. அவங்க குடுத்த சர்டிபிகேட் இன்னும் ஹால்ல தொங்குது. கழட்டலாம்னா பொண்ணு விட மாட்டேங்கறா.